ஆன்டெனா பார்த்த திசை

ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்குப் போகிற பஸ்ஸில் ஸ்ரீனிவாசராகவனுக்கு வலது பக்க ஜன்னல் சீட்தான் வேண்டும். திரும்பி வரும்போது இடது பக்கம். வெயிலுக்குப் பயந்து அல்ல. காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது மறுபக்க ஜன்னலில் மலைக்கோட்டை தெரியும். அதன் உச்சியில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். இவரோ பெருமாளைத் தவிர வேறு யாரையும் சேவிப்பதில்லை என்று வைராக்கியம் பிடித்த மனுஷர். கண்ணில் பட்டால் கை தன்னால் குவிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை ஜாக்கிரதை எதற்கு? கெமிஸ்ட்ரி லெக்சரராக இருந்து ரிட்டயர் ஆனவர். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்த கை, பக்தியையும் அப்படியே அளந்து பழகிவிட்டது.

வைராக்கியம் அவரோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தன் ஆன்டெனாவும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாரே, அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

அவர் ஹாம் ரேடியோக்காரர். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சொந்த வயர்லெஸ் செட்டில் ஊர் உலகத்தோடு பேசுகிற கூட்டத்தில் ஒருவர். அந்தக் கூட்டத்தில் பேச்சு மட்டும் போதாது, படமும் அனுப்ப வேண்டும் என்று ஒரு கிளை உண்டு. மொட்டைமாடியில் ஒரு கேமரா, ஒரு சின்ன ட்ரான்ஸ்மிட்டர், ஒரு ஆன்டெனா. எதிர்ப்பக்கம் எங்கேயோ இன்னொரு பைத்தியம் இதேபோல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்த டிவி நிலையம் தயார். ஆனால் விளம்பரம் கூடாது, பாட்டுக் கூடாது, ஊருக்கெல்லாம் ஒளிபரப்பக் கூடாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து "தெரியறதா, தெரியறதா" என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்குத்தான் அத்தனை கம்பியும்.

"இதைப் போன்ல வீடியோ கால் போட்டா ஆயிடுமேன்னா?" என்று அவர் மனைவி வேதவதி ஒருமுறை கேட்டாள். அன்றைக்கு அவர் ராத்திரி மோர் சாதம்கூடச் சாப்பிடவில்லை.

எதிர்ப்பக்கத்துப் பைத்தியம் காட்டூரில் இருந்தது. பெயர் கலையரசன். மிக்சி, கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். பல வருஷ சிநேகம். தினமும் காலையில் வயர்லெஸ்ஸில் இரண்டு பேரும் பேசாவிட்டால் இருவருக்கும் அன்றைய பொழுது விடிந்த மாதிரி இராது. ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' என்றால்தான் மற்றவர் வாய் திறக்கலாம். ஆனால் ஸ்ரீனிவாசராகவன் அனுப்பிய படம் மட்டும் ஒரு வருஷமாகியும் காட்டூர் போய்ச் சேரவில்லை. படம் வந்த லட்சணத்தைச் சொல்ல இவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஒன்றுமே தெரியாவிட்டால் 'பி சைபர்', கண்ணாடி மாதிரித் தெரிந்தால் 'பி அஞ்சு'. ஞாயிறுதோறும் கலையரசன் வருத்தத்தோடு "பி சைபர் சார், வெறும் புள்ளி மழைதான்" என்பார். இவர் "சரி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்பார்.

காரணம் ஹாம் கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். ஸ்ரீனிவாசராகவன் வீடு மேலச் சித்திரை வீதியில். அங்கிருந்து காட்டூருக்குக் கோடு போட்டால் குறுக்கே கோயில் நிற்கிறது. மதில், விமானம், வெள்ளைக் கோபுரம், அதையெல்லாம் தப்பித்தால் புதிதாக முளைத்த அடுக்குமாடிகள். இந்த அலை நேராகத்தான் போகும், கோபுரத்தைச் சுற்றி வளைந்து போகாது. பரிகாரமும் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஆன்டெனாவை மலைக்கோட்டைப் பாறைக்குத் திருப்ப வேண்டும். அத்தனை பெரிய பாறை. சுவரில் அடித்த பந்து மாதிரி அலை பட்டுத் திரும்பி வரும்.

கிளப் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் இதை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். ஸ்ரீனிவாசராகவன் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தார். பாறையில் பட்டால் படம் கலங்கும் என்பார். வெயிலில் பாறை சூடேறும் என்பார். ஒருமுறை கிரானைட்டின் ரசாயன அமைப்பையே விளக்க ஆரம்பித்துவிட்டார். மலைமேல் யார் இருக்கிறார் என்பதை மட்டும் வாய் தவறியும் சொல்லவில்லை.

"பெருமாளே குறுக்க நிக்கறார். அப்புறம் என்ன பிடிவாதம்?" என்றாள் வேதவதி.

"பெருமாள் மறைச்சா மறைக்கட்டும். அவர் பார்த்து வழி விடட்டும்."

"கோபுரத்தை நகர்த்துவாரா உங்களுக்காக?"

வேதவதிக்கு இதில் தனியாக ஒரு ஆற்றாமை இருந்தது. காட்டூரில் கலையரசன் வீடு தெருக்குத்தில் இருக்கிறது. நேரே வருகிற தெரு வாசலில் வந்து முட்டுவதால், கேட்டை ஒட்டிய மாடத்தில் ஒரு பிள்ளையாரை வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் போக வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்ரீனிவாசராகவன் காட்டூருக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார். போனதெல்லாம் தெருமுனை பேக்கரி வரைக்கும்தான். அங்கிருந்தே போன் செய்து கலையரசனை வரவழைத்து, நின்றபடி பேசிவிட்டுத் திரும்பிவிடுவார். கிரகப்பிரவேசத்துக்குக்கூட ஜுரம் என்று சொல்லிவிட்டார். கலையரசன் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அவர் மனைவி அனுசுயா அப்படி விடவில்லை. "மாமி, நான் டிகாஷன் போட்டு வச்சிட்டு வாசலையே பாக்குறேன், சார் பேக்கரியில டீ குடிக்கிறார்" என்று ஒருநாள் போனில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, சாதாரணமாகச் சொன்னாள். வேதவதிக்கு அன்று முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பங்குனியில் அவள் பொறுமை தீர்ந்தது. மாடியில் சோலார் பலகை வைக்க ஆளுக்குச் சொல்லிவிட்டாள்.

"திங்கட்கிழமை வரா. ஆன்டெனாக் கம்பம் நிக்கற இடம்தான் அவாளுக்கு வேணுமாம். ஞாயித்துக்கிழமை உங்க கிளப் போட்டி முடியறதுக்குள்ள உங்க படத்தை ஒரே ஒரு ஜீவன் பார்த்துடுத்துன்னா கம்பம் இருக்கட்டும். இல்லேன்னா எடுத்துடணும்."

அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. ஒரு வருஷமாகப் புள்ளி மழை அனுப்பியவருக்கு எந்த வாய் இருக்கும்? ஆனால் அன்று முழுக்க மாடிக்குப் போய்ப் போய் அந்தக் கம்பத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டிக்கு விதிகள் உண்டு. ஒவ்வொருவரும் நான்கு இலக்க எண் ஒன்றை எழுதிக் கேமரா முன் காட்ட வேண்டும். எண்ணை வாயால் சொல்லக் கூடாது. எதிராளி படத்தில் பார்த்துப் படிக்க வேண்டும். பிறகு மறுபக்கத்துப் படம். கடைசியில் ஆன்டெனா எங்கே பார்த்தது, படம் எந்த வழியில் போனது என்று இரண்டு பேரும் வயர்லெஸ்ஸில் எல்லாரும் கேட்க அறிவிக்க வேண்டும். போன வருஷம் ஒரு புண்ணியவான் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு ஜெயித்துவிட்டார். அதிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் இந்த விதியைச் சேர்த்தார்.

எண் தேர்ந்தெடுப்பதிலேயே ஸ்ரீனிவாசராகவன் ஒரு தகராறு செய்தார். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தை நினைத்து 4000 என்று கொடுத்தார். அடுத்தடுத்து ஒரே இலக்கம் வரக் கூடாது என்று ஸ்தனிஸ்லாஸ் தள்ளிவிட்டார். நாலாயிரத்தின் நாலையும் திவ்யதேசம் நூற்றெட்டையும் சேர்த்து 4108 என்று ஆக்கினார். அதைச் சிலேட்டில் பெரிதாக எழுதினார்.

ஞாயிறு மதியம். பஞ்சகச்சம் கட்டி, திருமண் பளிச்சென்று இட்டுக்கொண்டு, சிலேட்டைப் பிடித்தபடி கேமரா முன் உட்கார்ந்தார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை ஜோடனை இருந்திருக்காது. ஆன்டெனாவைக் காட்டூர்ப் பக்கம், அதாவது கோயில் மதில் பக்கம், குறி வைத்திருந்தார். கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வசதியாக அதன் பூட்டு ஆணியைத் தளர்த்தி வைத்திருந்தார். கம்பத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியும் உண்டு.

கைப்பிடிக் கம்பி என்று அவருக்குத் தெரியும். வேதவதிக்கு அது கொடி கட்டத் தோதான ஒரு கம்பி. அவர் முதுகுக்குப் பின்னால் கயிற்றின் ஒரு முனையை அதில் முடிந்து, மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியில் கட்டி, பிழியாத ஒன்பது கஜப் புடவையை எடுத்து அதன்மேல் போட்டாள். சொட்டச் சொட்ட நனைந்த புடவை. கயிறு தொய்ந்தது, கம்பம் முனகிக்கொண்டு திரும்பியது. அவர் கேமராவைப் பார்த்து அசையாமல் இருந்தார்.

வயர்லெஸ் கரகரத்தது. "சார்! சார், படம் வருது! ஓவர்." கலையரசன் இப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை.

"என்னது?"

"பஞ்சகச்சம் தெரியுது. நாமம் தெரியுது. பி மூணு, இல்ல நாலு. மாமி பின்னால போறது தெரியுது. சிலேட்டைக் கொஞ்சம் தூக்குங்க சார். நாலு... ஒண்ணு..."

ஸ்ரீனிவாசராகவன் சிலேட்டை இன்னும் மேலே தூக்கினார். பெருமாள் வழி விட்டுவிட்டார் என்று மனசுக்குள் பாசுரமே ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து வேதவதிக்கு, இப்படித் தண்ணீர் சொட்டினால் தரை பாழாகுமே என்று தோன்றியது. புடவையை எடுத்துப் பிழியப் போனாள். வயர் இழுத்த இழுப்பில் கம்பம் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"போயிடுச்சு சார். புள்ளி மழை."

"ரெண்டு எண் பார்த்தாச்சே, மீதி?"

"மீதி சைபர், எட்டுன்னு நானே சொல்லிடுவேன், உங்களை எனக்குத் தெரியாதா? ஆனா பாக்காம எழுத மாட்டேன் சார். என்ன மாத்தினீங்க? ஓவர்."

"நான் ஒண்ணும் மாத்தலையே."

எழுந்து சுற்றிப் பார்த்தார். ட்ரான்ஸ்மிட்டரைத் தட்டினார், வயரை ஆட்டினார். அப்போது வேதவதி பிழிந்த புடவையைக் கொண்டுவந்து மறுபடி கொடியில் போட்டாள். கம்பம் முனகியது. வயர்லெஸ்ஸில் கலையரசன், "லேசா நிழல் மாதிரி வருது சார்" என்றார். ஸ்ரீனிவாசராகவன் புடவையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கடைசியில் ஆன்டெனாவின் மூக்கு போகிற திசையைப் பார்த்தார். தென்னந்தலைகளுக்கு மேலே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெயிலில் பாறை பளபளவென்று நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் அதை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடனே திரும்பிக்கொண்டார் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

"வேதா," என்றார் கொஞ்ச நேரம் கழித்து, குரலைக் குழைத்துக்கொண்டு. "அந்தப் புடவையை இன்னொரு தடவை நன்னா நனைச்சுப் போடேன்."

"எதுக்கு?"

"சரியா அலசலையோன்னு தோணித்து."

வேதவதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியவளிடமா இந்தக் கதை? பாறையையும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நீங்க திருப்பலை, புடவைதான் திருப்பித்துன்னு பெருமாள்கிட்டக் கணக்குக் காட்டப் போறேளா?"

அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். காட்டப் போகிறார் என்றுதான் அர்த்தம்.

"முடியாது. நனைச்சும் போட மாட்டேன், பிழிஞ்சும் போட மாட்டேன்." புடவையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். "திருப்பணும்னா உங்க கையால திருப்புங்கோ. இல்லேன்னா நாளைக்குச் சோலார்காராளுக்கு வழி விடுங்கோ. உங்க வைராக்கியத்தை நான் சுமந்தது போறும். அந்தப் பொண்ணு டிகாஷன் போட்டு வச்சுண்டு வாசலைப் பார்த்துண்டிருந்தா, தெரியுமா உங்களுக்கு? எத்தனை தடவைன்னு தெரியுமா? கேட்டுண்டு கூசிப் போனது நான்தான்."

அவருக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. பேக்கரியில் டீ குடித்தால் அவர்களுக்குச் சிரமம் குறைச்சல் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குப் போட்டி முடிகிறது. ஸ்தனிஸ்லாஸ் வயர்லெஸ்ஸில் நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்ரீனிவாசராகவன் மைக்கை எடுத்தார்.

"கலை, ஒண்ணு கேக்கறேன். நான் இந்தப் பக்கம் திருப்பினாப் போறாதே. நீயும் பாறையைப் பார்த்துத் திருப்பியிருந்தாத்தானே படம் வந்திருக்கும்? எப்பத் திருப்பினே? ஓவர்."

கலையரசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் எப்பவோ திருப்பி வச்சிட்டேன் சார். போன ஆடியிலயே. நீங்க என்னிக்காவது திருப்புவீங்கன்னு அப்படியே விட்டுட்டேன். சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் சொல்லல. ஓவர்."

ஸ்ரீனிவாசராகவன் மைக்கைக் கீழே வைத்தார். ஆடியிலிருந்து பங்குனி வரைக்கும் ஒரு மனுஷன், வராத படத்துக்காக ஆன்டெனாவைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் 'பி சைபர் சார்' என்று வருத்தப்பட்டிருக்கிறான். அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது, அதை மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

எழுந்து போய்க் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு திருப்பப் பார்த்தார்.

"கண்ணை மூடிண்டா குறி எப்படித் தெரியும்?" என்றாள் வேதவதி.

கண்ணைத் திறந்துகொண்டு திருப்பினார். ஆன்டெனாவின் மூக்கு நேராக உச்சியைப் பார்த்து நின்றதும் ஆணியை முறுக்கினார். போய் உட்கார்ந்து சிலேட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"நாலு, ஒண்ணு, சைபர், எட்டு!" என்றார் கலையரசன். "பி அஞ்சு சார், பி அஞ்சு. உங்க வேட்டியில இருக்கிற காபிக் கறைகூடத் தெரியுது. இப்ப நான் காட்டுறேன், பாருங்க. ஓவர்."

ஸ்ரீனிவாசராகவன் ஸ்விட்சை மாற்றினார். பழைய டிவிப் பெட்டியில் புள்ளிகள் கலைந்தன. கலையரசனின் சொட்டைத் தலை வந்தது. பக்கத்தில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு அனுசுயா நின்றாள். அட்டையில் 7352. இன்னொரு கையில் டபரா டம்ளர்.

எண்ணை அவர் சரியாகப் படித்துச் சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் குறுக்கிட்டார். "ரெண்டு எண்ணும் சரி. கடைசியா பாதை அறிவிக்கணும். ஸ்ரீனிவாசராகவன் சார், உங்க ஆன்டெனா எங்க பாத்துச்சு, படம் எந்த வழியா போச்சு? ஓவர்."

கிளப் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. துவாக்குடியில், பொன்மலையில், மணப்பாறையில் எல்லாரும் செட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். நேர் வழி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மாடியில் ஏறி யார் பார்க்கப் போகிறார்கள்? வேதவதி புடவையை மடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தும்பிக்கை ஆழ்வார் வழியா," என்றார் மெதுவாக. "ஓவர்."

வைஷ்ணவர்கள் பிள்ளையாரைக் குறிப்பிட நேர்ந்தால் அப்படி ஒரு பெயரைச் சொல்லிச் சமாளிப்பார்கள். ஸ்தனிஸ்லாஸுக்கு அது எப்படித் தெரியும்?

"அது எந்த ஊர் சார்? லால்குடிப் பக்கமா? கொஞ்சம் தெளிவா சொல்லுங்க. ஓவர்."

வேதவதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்ரீனிவாசராகவன் மூச்சை இழுத்து விட்டார்.

"உச்சிப் பிள்ளையார் வழியா. மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார். நானேதான் திருப்பினேன். ஓவர்."

ஒவ்வொருவராக மைக் பட்டனை அழுத்தி விட்டார்கள். டக், டக், டக் என்று செட் முழுக்கக் கேட்டது. ஹாம்காரர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

கலையரசன் சிரித்துக்கொண்டே வந்தார். "ஸ்தல புராணப்படி உங்க பெருமாளைக் காவிரிக்கரையில இறக்கி வச்சிட்டு மலைமேல ஓடினவரே அவர்தானே சார். உங்க படத்தை மட்டும் கொண்டுவந்து சேக்க மாட்டாரா? இனிமே எங்க வீட்டு வாசல்ல இருக்கிறவரையும் தாண்டி வரலாம்ல?"

டிவியில் அனுசுயா டம்ளரைக் கேமராவுக்கு நேராக நீட்டினாள். வாய் அசைந்தது. சத்தம் தனியாக வயர்லெஸ்ஸில் வந்தது. "காபி ஆறிடும்னு சொல்லுங்க."

ஸ்ரீனிவாசராகவன் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"வேதா, ஸ்கூட்டர் சாவி எங்க?"

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் காட்டூர் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்கூட்டர் பேக்கரியில் நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டும்போது அவர் எந்தப் பக்கம் பார்த்தார் என்று பின்னால் உட்கார்ந்திருந்த வேதவதிக்குத் தெரியும்; அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டருகே மாடத்தில் முழங்கை உயரத்துக்கு ஒரு பிள்ளையார், எண்ணெய் மினுங்க இருந்தார். வேதவதி நெற்றியில் குட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அனுசுயா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ரீனிவாசராகவன் வாசலிலேயே நின்றார். கும்பிட்டாரா என்று கேட்டால், இல்லை. குட்டிக்கொள்ளவும் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மாடத்துக்கு நேராகக் குனிந்து, வயர்லெஸ்ஸில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"பி அஞ்சு. ரொம்ப தேங்க்ஸ். ஓவர்."

பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தார், அது பழக்க தோஷம். பிறகு உள்ளே போய்க் காபி குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.